வாலோடு வந்த அறுபத்து மூன்று கடிதங்கள்

நெல்லித்தோப்பில் ஸ்டெல்லாமேரி என்று விசாரித்தால் மூன்று பேரைக் காட்டுவார்கள். மதாம் என்று விசாரித்தால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பிரெஞ்சு கற்பித்து, 2002 மே மாதம் ஓய்வு பெற்றவர். கணவர் 1989-இல் காலமானார். பிள்ளைகள் இல்லை. தம்பி சகாயநாதன் தூலூஸ் நகரில் இருக்கிறார். மதாம் வீட்டிலிருந்து என் வீடு நான்காவது. நான் நகராட்சியில் எத்தா சிவில் என்கிற பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுப் பிரிவில் இருந்து 1994-இல் ஓய்வு பெற்றவன். அதனால் தேதிகள் என் நினைவிலும் குறிப்பேட்டிலும் இருக்கின்றன. கீழே உள்ளவற்றை அவற்றிலிருந்தே எழுதுகிறேன்.

தம்பி தான் உபயோகித்த கணினியை 2001-இல் கப்பலில் அனுப்பி வைத்தார். அதில் எல்லாமே பிரெஞ்சு. விசைப்பலகை, திரையில் வரும் சொற்கள், பிழை நேர்ந்தால் வருகிற எச்சரிக்கை உட்பட. மதாமுக்கு அது வசதியாகப் போயிற்று. பிரான்சில் உறவுள்ள குடும்பங்கள் ஊரில் ஏராளம். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இங்கே இருக்கிற பெரியவர்களுக்குப் பிரெஞ்சு எழுத வராது. இரண்டு கரைக்கும் நடுவில் மதாம் மின்னஞ்சல் எழுதத் தொடங்கினார். 2007-இல் அப்படிப்பட்ட குடும்பங்கள் இருபத்து இரண்டு.

அவர் வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். வந்தவர் தமிழில் சொல்வார். மதாம் அதைப் பிரெஞ்சில் முதலில் கரடாகத் தட்டுவார். கரட்டுப் பிரதிக்குப் பிரெஞ்சில் புரூயோன் என்று பெயர். அந்த மென்பொருளிலும் அதே பெயரில் ஒரு பெட்டி இருந்தது. புரூயோனை அதில் சேமித்துவிட்டு, வந்தவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவார். திருத்தம் சொன்னால் திருத்துவார். பிறகு புதிய தாள் ஒன்றைத் திறந்து, முதலிலிருந்து முழுவதையும் மீண்டும் தட்டி, அதைத்தான் அனுப்புவார். சுட்டியால் இழுத்து அப்படியே நகலெடுத்து ஒட்டலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"பாத்து எழுதினாத்தான் முசியே தப்பு கண்ணுல படும். ஒட்டினா தப்பும் சேந்து ஒட்டிக்கும்" என்றார். ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசியே.

என்னைவிட அவர் எட்டு வயது இளையவர். என்றாலும் அந்தப் பதிலைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

தையல்நாயகி அரியாங்குப்பத்துப் பெண். நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்பவள். 2005 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கும் ஹரிகிருஷ்ணனுக்கும் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், அந்த நாட்டுப் படைவீரர், தமிழ் படிக்க வராதவர். இருபத்தாறு நாள் விடுப்பு முடிந்து போனார். முகாமில் தொலைபேசி கிடைப்பது அரிது. எனவே செவ்வாய்தோறும் மதியத்துக்கு மேல் தையல்நாயகி பாலம் தாண்டிப் பேருந்தில் வந்து, மதாம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கடிதம் சொல்வாள். முதல் கடிதம் அக்டோபர் 4. அதிலிருந்து 2007 செப்டம்பர் 25 வரை நூற்று நான்கு செவ்வாய்கள். காய்ச்சலிலும் மழையிலும் ஒன்பது தவறின. ஆக அவள் கடிதங்கள் தொண்ணூற்றைந்து. அவர் பதில்கள் எண்பத்தெட்டு.

செப்டம்பர் 24 அன்று அவளுக்குப் பிரெஞ்சு கன்சுலேட்டிலிருந்து ஒரு தாள் வந்தது. திருமணத்தை அவர்கள் பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன் நேர்காணல், அக்டோபர் 18, வியாழன், காலை பத்து மணி. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள் இருந்தால் கொண்டு வரவும் என்று அதில் இருந்தது. பதிவேட்டில் ஏறினால்தான் அவள் கணவனிடம் போக முடியும். மறுநாள் செவ்வாய் அவள் அந்தத் தாளோடு வந்தாள்.

"கவலைய விடு. ரெண்டு வருஷக் கடுதாசியும் இந்தப் பொட்டிக்குள்ள இருக்குது" என்று மதாம் பழைய கணினியின் தலையில் தட்டினார்.

தட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. அந்த வாரமே அது டக் டக் என்று உள்ளே சத்தம் போட ஆரம்பித்தது. மூன்று தடவை முயன்றால் ஒரு தடவை திறந்தது. லாஸ்பேட்டையில் கணினிக் கடை வைத்திருக்கும் வெற்றிவேல் ஸ்கூட்டரில் வந்து, காதை வைத்துக் கேட்டார். நாற்பது வயதுக்காரர், நிதானமானவர்.

"ஹார்ட் டிஸ்க் போவுது மேடம். இன்னும் பத்து நாள் தாங்கினா பெரிசு."

"மேடம் இல்ல, மதாம். பத்து நாள் வேணாம், ஒரு நாள் தாங்கினா போதும். உள்ள இருக்கறத புதுசுக்கு மாத்திக் குடு."

புதிய கணினியை வெற்றிவேலே சேர்த்துக் கொடுத்தார். அதில் எல்லாம் ஆங்கிலம். மதாம் பழைய விசைப்பலகையை விட மறுத்தார். அதைப் புதியதில் செருகினால் A தட்டும் இடத்தில் Q விழுந்தது. அதற்கே ஒரு காலைப்பொழுது ஆயிற்று. அக்டோபர் 4 அன்று வெற்றிவேல் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனார். 6-ஆம் தேதி சனிக்கிழமை காலை ஒரு சிடியோடு வந்தார். அதைப் புதிய கணினியில் போட்டு, அஞ்சல்களைக் கொண்டுவரும் கட்டளையைக் கொடுத்தார். கடிதம் எதுவும் காணப்படவில்லை என்று திரை சொன்னது.

"இன்பாக்ஸுன்னு ஒரு ஃபைலே இல்லையே மதாம். உள்ள ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்குது."

"பேரு பிரெஞ்சுல இருக்கும்ப்பா. புவாத்னு ஆரம்பிக்கும், பாரு. அது எவ்ளோ பெரிசுன்னு சொல்லு."

வெற்றிவேல் பார்த்தார். "எல்லாம் சேந்து அறுபத்தோரு எம்பி."

"ஒண்ணும் இல்லாததுக்கு அறுபத்தோரு எம்பியா? காலிப் பானை இவ்ளோ கனக்குமா?"

வெற்றிவேல் சிரித்துவிட்டார். சிடியில் இருந்ததைக் கணினிக்குள்ளேயே நகலெடுத்து மறுபடி முயன்றார். அதே பதில். அப்போது மதாம் சுட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அந்தக் கோப்பின் விவரங்களைத் திறந்தார். ஆங்கிலத்தில் ஒரு வரிக்குப் பக்கத்தில் சரிக்குறி இருந்தது. படிக்க மட்டும் என்று பொருள்.

"தம்பி அனுப்பின ஃபோட்டோ சிடியிலயும் இது இருந்துச்சு. சிடியிலருந்து வந்தா இந்த முத்திரையோடதான் வரும். பாக்கலாம், கை வைக்கக் கூடாது. திறந்து படிக்கணும்னா அது கை வைக்கணும் போல."

சரிக்குறியை எடுத்தார். ஒவ்வொரு கோப்புக்கும் எடுத்தார். மறுபடி கட்டளை. பச்சைக் கோடு நகர்ந்தது. ஆங்கிலப் பெட்டிகளுக்குக் கீழே பிரெஞ்சுப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன.

"நாப்பது வயசுல நான் உங்ககிட்ட டியூஷன் வரணும் போல" என்றார் வெற்றிவேல்.

"வா. ஆனா மேடம்னு சொன்னா வெளிய நிக்க வெப்பேன்."

அவர் போன பிறகு எண்ணிச் சரிபார்க்க உட்கார்ந்தோம். எண்ணாமல் எதையும் பெற்றுக்கொண்டதாக நான் கையெழுத்திட்டதில்லை. வந்தவை என்ற பெட்டியில் தையல்நாயகி கணவரின் பதில்கள் எண்பத்தெட்டும் இருந்தன. அனுப்பியவை என்ற பெட்டியைத் திறந்தேன். அதில் மூன்று இருந்தன. மூன்றும் அந்த வாரத்தவை. வேறு குடும்பத்தவை.

"மதாம், அனுப்பினது எங்க?"

"அனுப்பினத அனுப்பியாச்சே."

"இதுல இருக்கணுமே."

"சனிக்கிழம சனிக்கிழம தொடச்சிடுவேனே! தபால் பொட்டியில போட்ட கடுதாசி வீட்லயா இருக்கும் முசியே? நல்ல பிரதி வாங்கறவங்களுக்கு, புரூயோன் நமக்கு. பள்ளிக்கூடத்துல அப்படித்தானே? தாள் பரீட்ச வெக்கிறவங்களோட போயிடும், புரூயோன் நோட்டு பிள்ளைங்ககிட்ட இருக்கும்."

புரூயோன் பெட்டியைத் திறந்து காட்டினார். தையல்நாயகியின் தொண்ணூற்றைந்தும் இருந்தன, ஒன்று குறையாமல். ஆனால் ஒவ்வொன்றும் அனுப்பப்படாதது. எழுதிய தேதி இருந்தது, அனுப்பிய தேதி இல்லை. எங்கள் பிரிவில் கையெழுத்து ஆகாத பதிவை யாரும் பதிவு என்று சொல்லமாட்டார்கள். இதை வைத்து, இந்தப் பெண் இரண்டு ஆண்டுகள் எழுதினாள், ஆனால் ஒன்றையும் அனுப்பவில்லை என்றுகூடச் சொல்ல முடியும். நான் அதைச் சொன்னேன். அறியாமல் செய்த தவறு என்று மதாம் சாக்குச் சொல்லவில்லை.

"முப்பத்தி நாலு வருஷம் புரூயோன பத்திரமா வெய்யின்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். நானும் வெச்சிருக்கேன்" என்றார். பிறகு, "ஹரிகிருஷ்ணன்கிட்ட கேப்போம். போனது அங்க இருக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் ஹரிகிருஷ்ணன் கிடைத்தார். இரண்டு ஆண்டுகளில் மூன்று இடம் மாறியவர். எல்லா இடத்திலும் முகாமின் பொதுக் கணினிதான். ஒவ்வோர் இடத்திலிருந்தும் கிளம்பும்போது அவர் பெயரில் இருந்ததைத் துடைத்துவிட்டார்கள். அவரிடம் இருந்தவை கடைசி ஐந்து வாரத்துக் கடிதங்கள் மட்டும்.

அக்டோபர் 9, செவ்வாய். தையல்நாயகி வழக்கம்போல வந்தாள். நேர்காணலுக்கு ஒன்பது நாள். மதாம் அவளை உட்கார வைத்து, எதையும் மறைக்காமல் சொன்னார்.

"தப்பு என்னுதும்மா."

தையல்நாயகி அழவில்லை. யோசித்தாள். "அவரு எழுதினது மட்டும்னா, எண்பத்தெட்டு கடுதாசிக்கு பதிலே போடாத பொண்டாட்டின்னு ஆயிடுமே மதாம். எங்க மாமியாருக்கு மட்டும் தெரிஞ்சிதுன்னா அப்பவே சொன்னேன்பாங்க."

நான் சிரிக்கக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

அவள் திடீரென்று நிமிர்ந்தாள். "மதாம், அந்த வாலு இருக்குதா?"

"எந்த வாலு?"

"நீங்க திட்டினீங்களே! நான் எழுதினதையே எனக்குத் திருப்பி அனுப்புறாருன்னு. வெட்டச் சொல்லி எழுதினீங்களே."

மதாம் நாற்காலியைக் கணினிப் பக்கம் திருப்பினார்.

ஹரிகிருஷ்ணன் பதில் எழுதும்போது, தையல்நாயகியின் கடிதம் அவர் பதிலுக்குக் கீழே தானாகவே ஒட்டிக்கொண்டு வரும். மேலே ஒரு வரி இருக்கும். இன்ன தேதி, இத்தனை மணிக்கு, இன்னார் எழுதியது என்று. மதாம் அதை வால் என்பார். பெற்ற கடிதத்தை எழுதியவருக்கே திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். 2007 மார்ச் 6 கடிதத்தில், தையல்நாயகியின் பெயரிலேயே, இனி என் கடிதங்களை எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று நான்கு வரி கண்டிப்பாக எழுதிவிட்டார். அதன் பிறகு வால் வரவில்லை. படைவீரர் அல்லவா, உத்தரவுக்குக் கட்டுப்பட்டார்.

மதாம் முதல் பதிலைத் திறந்தார். கீழே நகர்த்தினார். அங்கே இருந்தது. தேதி, மணி, தையல்நாயகியின் பெயர், அவள் முதல் கடிதம் முழுவதும். இரண்டாவது, அங்கேயும் இருந்தது. மூன்றாவது.

"புண்ணியவான்" என்றார் மதாம். "நான் வெட்டச் சொல்ற வரைக்கும் வெட்டல."

எண்ணினேன். வாலோடு வந்தவை அறுபத்து மூன்று. மதாமின் கண்டிப்புக் கடிதமும் அதில் அடக்கம். அதற்கு வந்த பதில்தான் கடைசி வால். வாலில்லாதவை இருபத்தைந்து.

மறுநாளிலிருந்து 16-ஆம் தேதி வரை, ஞாயிறு நீங்கலாக ஆறு காலைகள் வேலை செய்தோம். நான் ஒரு பொர்தெரோ தயாரித்தேன். எங்கள் அலுவலகத்தில் கட்டோடு வைக்கிற அட்டவணைக்கு அந்தப் பெயர். வரிசை எண், கடிதத் தேதி, பதில் தேதி, சான்று. வால் உள்ள இடத்தில் பக்க எண். வால் இல்லாத இருபத்தைந்துக்கும் மதாம் ஒரு வழி கண்டார். புரூயோனில் தையல்நாயகி என்ன கேட்டாளோ அதற்கு அவர் என்ன பதில் சொன்னாரோ, அந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். ஏப்ரல் 17-இல், கொல்லையில் வைத்த முருங்கை காய்த்துவிட்டது என்று அவள் சொல்கிறாள். ஏப்ரல் 21-இல், முருங்கைக்காய்ச் சாம்பாரை எழுதிக் கொல்லாதே என்று அவர் சொல்கிறார். இதைவிட என்ன சான்று வேண்டும்?

எங்களுக்குள் ஒரே ஒரு சச்சரவு. அச்செடுத்த தாள்களைப் படித்துக்கொண்டு வந்த மதாம், ஆறாம் எண்ணில் நிறுத்தினார்.

"ஐயையோ, ஒரு அக்சான் விட்டிருக்கேன்." எழுத்தின் மேல் போடும் சிறு கோடு அது. கையில் சிவப்புப் பேனா.

"வையுங்க மதாம் கீழ."

"ஒரே ஒரு கோடு முசியே."

"மூலத்துல கை வெக்கக் கூடாது. கோர்ட்டு உத்தரவு இல்லாம நான் ஒரு புள்ளிகூட மாத்தினதில்ல."

"பிரான்ஸ்காரங்க படிப்பாங்க. என் மானம் போவும்."

"போவட்டும். தையல்நாயகி போவட்டும், அது முக்கியம்."

பேனாவை மூடினார். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. நான் கொண்டுபோன வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

18-ஆம் தேதி தையல்நாயகி நீலப் புடவையில், கடிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். பத்து மணி பத்து நிமிடம். நாங்கள் இருவரும் எதிரே மரநிழலில் நின்றோம். நான் பொர்தெரோவின் எண்களை மனத்துக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. மதாம் ஜெபமாலையை எடுக்கவில்லை. "வேலைய ஒழுங்கா செஞ்சாச்சு. இனிமே ஆண்டவர தொந்தரவு பண்ணக் கூடாது" என்றார்.

பத்து ஐம்பத்தைந்துக்கு அவள் வெளியே வந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா?"

"ஒரு அம்மா கேட்டாங்க. பக்கத்துல தமிழ்ல சொல்ல ஒருத்தரு. எல்லாத்தையும் பொரட்டிப் பாத்தாங்க. மார்ச் மாசத்துக் கடுதாசி வந்ததும் நின்னுட்டாங்க. புருஷன்கிட்ட ஏன் இவ்ளோ கோவம், இதுல என்ன சண்டைன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?" மதாமின் குரல் இறங்கியிருந்தது.

"உள்ளதத்தான் சொன்னேன். சண்ட போட்டது நான் இல்லீங்க, எங்க மதாமு. நான் முட்டி வலிக்கு எண்ண தேச்சிக்கோங்கன்னு மட்டுந்தான் சொன்னேன்னு சொன்னேன்."

"அப்படியா சொன்ன!"

"அந்தம்மா தாளப் பாத்தாங்க. எண்ண விஷயம் கீழ இருந்துச்சு. அதுக்கு அவரு தேச்சிக்கிட்டேன், நாத்தம் தாங்காம பக்கத்துக் கட்டில்காரரு திட்டினாருன்னு எழுதியிருந்தாரு. அதப் படிச்சிட்டு அந்தம்மா சிரிச்சாங்க. அப்புறம் எந்தக் கடுதாசியப் பத்தியும் கேக்கல. இந்தப் பட்டியல யாரு போட்டதுன்னு கேட்டாங்க. எத்தா சிவில்ல இருந்த ஐயான்னு சொன்னேன். தலைய ஆட்டினாங்க."

"அவ்ளோதானா?"

"ஒங்க மதாமு பிரெஞ்சு நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க." தையல்நாயகி கொஞ்சம் தயங்கினாள். "ஆறாம் நம்பர்ல மட்டும் ஏதோ ஒரு கோடு இல்லையாம்."

மதாம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

நவம்பர் 26, திங்கள், திருமணம் பதிவேட்டில் ஏறியதற்கான தாள் வந்தது. 2008 பிப்ரவரியில் தையல்நாயகி விமானம் ஏறினாள். போகும் முன் செவ்வாய்க்கிழமை நாற்காலியில் வந்து உட்கார்ந்து, தன் பெயரையும் விலாசத்தையும் பிரெஞ்சில் தானே தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மதாம் இன்னும் புரூயோன் எழுதுகிறார். அதை யாரும் மாற்ற முடியாது. சனிக்கிழமை துடைப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். வால் வந்தாலும் இப்போது திட்டுவதில்லை. மாதம் ஒரு முறை என்னைக் கூப்பிட்டு, 2007 அக்டோபரிலிருந்து எழுதிய புரூயோனையும் அனுப்பியவற்றையும் எண்ணச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். 2009 ஜனவரி இறுதியில் எண்ணியபோது, புரூயோன் நானூற்றுப் பன்னிரண்டு, அனுப்பியவை நானூற்றுப் பதின்மூன்று. இரண்டு முறை எண்ணினேன்.

"ஒண்ணு கூட இருக்குது மதாம்."

"தெரியும். பதினோராம் தேதி ஞாயித்துக்கிழம, தையல்நாயகிக்கு பொண்ணு பொறந்திருக்குன்னு ஹரிகிருஷ்ணன் எழுதினாரு இல்ல. அதுக்குப் போட்ட பதிலு."

"புரூயோன்?"

"எழுதல. நேரா அனுப்பிட்டேன்."

திறந்து காட்டினார். ஆறே வரி. அக்சான் இரண்டு விட்டுப்போயிருந்தது. அவரேதான் விரலை வைத்துக் காட்டினார். சிவப்புப் பேனாவைத் தேடவில்லை.